பன்னிரண்டு முறை இறங்கினால் ஒரு கோல்

2019 மே 22, லூதியானா. இந்திய மகளிர் லீக் கால்பந்தின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மணிப்பூர் போலீஸ் அணி. அதன் ஸ்ட்ரைக்கர் ஙாங்கோம் பாலா தேவி. அந்தப் பருவத்தை அவர் 26 கோல்களோடு முடித்தார். அவரது அணி அந்தப் பருவத்தில் ஆடியதே மொத்தம் ஏழு ஆட்டங்கள்தான். எதிர்ப்பக்கம் மதுரையின் சேது எஃப்.சி. அந்த அணியில் நம் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிப் பக்கத்துச் சந்தியா ரங்கநாதனும் உண்டு. சேது 3-1 என்று வென்று கோப்பையை எடுத்தது.

எட்டு மாதம் கழித்து, 2020 ஜனவரியில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ரேஞ்சர்ஸ் கிளப் பாலா தேவியை 18 மாத ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. வெளிநாட்டுக் கிளப் ஒன்றில் முழுநேரத் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்டத்துக் கிராமத்தில் பையன்களோடு சேர்ந்து ஆடிப் பழகியவருக்கு அப்போது வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது.

அங்கே போட்டி ஆட்டத்தில் அவருடைய முதல் கோல் எப்போது விழுந்தது தெரியுமா? 2020 டிசம்பரில். மதர்வெல் அணியை ரேஞ்சர்ஸ் 9-0 என்று வென்ற நாளில், மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து அடித்தார். ஏழு ஆட்டங்களுக்குள் 26 கோல் அடித்தவருக்கு அங்கே ஒரு கோலுக்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆனது.

கால் மறந்துவிட்டதா? இல்லை. அந்தப் பத்து மாதத்துக்குள் வடிவியல், நரம்பியல், மண்ணியல், நிகழ்தகவு எல்லாம் ஒளிந்திருக்கின்றன. கால்பந்தில் கோல் என்பது எவ்வளவு அரிய நிகழ்வு என்று புரிந்தால்தான், வெளிநாடு போகிற நம் ஆட்டக்காரர்களை நாம் நியாயமாக எடைபோட முடியும்.

முதலில் கோல்போஸ்ட்டைப் பார்ப்போம். அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கேலரியிலிருந்து பார்க்கிறவருக்கு அது எப்போதும் ஒரே அளவுதான். பந்தோடு நிற்கிறவருக்கு அப்படி இல்லை. பெனால்ட்டி புள்ளி கோல்கோட்டிலிருந்து 11 மீட்டர். அங்கே நேர் எதிரே நின்றால், இரண்டு கம்பங்களுக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற கோணம் சுமார் 37 பாகை. அதே நேர்கோட்டில் 22 மீட்டருக்குப் பின்னால் போனால் அது 19 பாகையாகச் சுருங்கும். வியப்பு இங்கேதான்: பின்னால் போகவே வேண்டாம், பெனால்ட்டி புள்ளியிலிருந்து பக்கவாட்டில் 11 மீட்டர் நகர்ந்தாலும் கோணம் ஏறக்குறைய அதே 19 பாகைதான். ஓரத்துக்கு ஒதுக்கப்பட்ட ஸ்ட்ரைக்கருக்குக் கோல் பாதியாகிவிடுகிறது. நல்ல டிஃபெண்டர் பந்தைப் பறிக்கவே வேண்டியதில்லை. ஓரத்துக்குத் தள்ளினால் போதும், கோணம் மீதி வேலையைச் செய்துவிடும்.

எந்த இடத்திலிருந்து எத்தனை ஷாட் அடித்தால் ஒரு கோல் என்று எண்ணத் தொடங்கியவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் சார்லஸ் ரீப். விமானப்படையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். 1950 மார்ச்சில் சுவிண்டன் நகரத்தில் ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பென்சிலை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் நோட்டில் குறிக்க ஆரம்பித்தார். பிறகு பல பத்தாண்டுகள் நிறுத்தவில்லை. அவர் எண்ணிக்கையிலிருந்து எடுத்த தந்திரங்கள் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். ஆனால் அடிப்படை எண் நின்றது: ஏறக்குறைய ஒன்பது பத்து ஷாட்டுக்கு ஒரு கோல். இன்று இதைக் கணினி செய்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் தூரம், கோணம், காலா தலையா, எதிரே எத்தனை பேர் என்று பார்த்து, அது கோலாகும் வாய்ப்பை எண்ணாகத் தருகிறது. பெனால்ட்டி என்றால் நூறில் எழுபத்தைந்துக்கு மேல். 25 மீட்டருக்கு அப்பாலிருந்து என்றால் நூறில் இரண்டு மூன்று. முந்திரி பூக்கும் காலத்தில் ஒரு கொத்தில் எத்தனை பூ, அதில் கொட்டை பிடிப்பது எத்தனை என்று பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்த் தோப்புக்காரர்களுக்குத் தெரியும். ஷாட்டும் கோலும் அப்படித்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருவர் ஆட்டத்துக்கு மூன்று ஷாட் அடிக்கிறார், ஒவ்வொன்றும் கோலாக நூறில் 12 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்தில் அவர் ஒன்றும் அடிக்காமல் போக நூறில் 68 வாய்ப்பு இருக்கிறது. தொடர்ந்து ஐந்து ஆட்டம் வெறுங்கையோடு திரும்ப, நூறில் கிட்டத்தட்ட 15. திறமை துளியும் குறையாமலேயே இது நடக்கும். அந்த ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு பத்திரிகைகள் அவர் ஃபார்ம் போய்விட்டது என்று எழுதும். பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரவைப்பார். தற்செயலுக்குத் தண்டனை கிடைக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்தால் கணக்கு இன்னும் கொடுமையாகும். கடைசி 20 நிமிடத்துக்கு மட்டும் இறக்கப்படுகிறவருக்கு அந்த மூன்று ஷாட்டில் முக்கால் பங்குக்கும் மேல் போய்விடும். கையில் இருப்பது சராசரியாக முக்கால் ஷாட்டுக்கும் குறைவு. அதை வைத்துக் கணக்கிட்டால் பன்னிரண்டு முறை இறங்கினால்தான் ஒரு கோல். பன்னிரண்டு ஆட்டம் என்பது பாதிப் பருவம். வெளிநாட்டில் புதிதாய்ச் சேர்ந்தவர், மொழியும் சக ஆட்டக்காரர்களும் பழகாதவர், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகத்தான் தொடங்குகிறார்.

பாலா தேவிக்கு அந்த ஆட்டங்களும் கிடைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து சில வாரங்களில் கொரோனா வந்தது. 2020 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்காட்லாந்து மகளிர் லீக் ஒரே சுற்றோடு நின்று, பிறகு அந்தப் பருவமே ரத்தானது. அடுத்த பருவம் தொடங்க அக்டோபர் ஆகிவிட்டது. அந்தப் பத்து மாதத்தில் பெரும்பகுதி பந்தே உருளாத மாதங்கள். அப்படிப் பார்த்தால் டிசம்பரில் விழுந்த கோல் தாமதமாக வந்ததல்ல, விரைவாகவே வந்தது என்பதுதான் என் தீர்ப்பு. இங்கே அடித்த 26ஐயும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அப்போதைய நம் மகளிர் லீக்கில் அணிகளுக்குள் ஏற்றத்தாழ்வு மிக அதிகம். இரட்டை இலக்கத்தில் கோல் விழுந்த ஆட்டங்களும் உண்டு. 26 பொய்யான எண் அல்ல. ஆனால் அதையும் இந்த ஒன்றையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

தற்செயலை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது நேரம். கால்பந்தின் மிகப் பெரிய அதிசயம் இதற்குள் இருக்கிறது.

கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடல் பதில் கொடுக்கச் சுமார் 0.2 நொடி ஆகிறது. ஓங்கி அடித்த கால் பின்னாலிருந்து முன்னால் வந்து பந்தைத் தொடவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். பாதமும் பந்தும் ஒட்டியிருப்பதோ ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. ஓரத்திலிருந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு கிராஸ் வருகிறது என்றால், ஸ்ட்ரைக்கர் காலை வீசத் தொடங்கும்போது பந்து இன்னும் நான்கு மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த நான்கு மீட்டரில் பந்து விலகினால் திருத்த நேரமில்லை. ஆக, கால் போவது பந்து இருக்கும் இடத்துக்கு அல்ல. பந்து வரப்போகிற இடத்துக்கு. அந்த இடத்தை மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது.

இந்தக் கணிப்பு எவ்வளவு முன்னதாகவே முடிந்துவிடுகிறது என்பதை 2011இல் ஒரு படத்துக்காகச் செய்த சோதனை காட்டியது. கிறிஸ்டியானோ ரொனால்டோ ஓர் உள்ளரங்கில் நிற்கிறார். ஒருவர் கிராஸ் அடிக்கிறார். பந்து காலைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் விளக்குகள் எல்லாம் அணைகின்றன. கும்மிருட்டு. ரொனால்டோ இருட்டிலேயே பந்தைத் தேடிப்போய் கோலுக்குள் அனுப்பினார். பந்தின் முழுப் பாதையும் அவருக்குத் தேவைப்படவில்லை. அடிக்கிறவரின் இடுப்பு திரும்பிய விதம், ஊன்றிய கால், பந்து கிளம்பிய முதல் கணம், இவ்வளவே போதுமாக இருந்தது. பல்லாயிரம் கிராஸ்களைப் பார்த்துப் பார்த்து மூளைக்குள் படிந்த கணக்கு மீதியை நிரப்பிக்கொண்டது.

நார்வேயின் விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் கெயிர் யோர்டெட் வேறொரு வழியில் இதையே தொட்டார். இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகக் காட்டும் படப்பதிவுகளைப் பார்த்து, பந்து காலுக்கு வருவதற்கு முந்தைய நொடிகளில் அவர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றும் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். அதிகம் திரும்பிப் பார்த்தவர்களின் பாஸ்கள் அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தன. பந்து வந்த பிறகு பார்ப்பதற்கு நேரம் கிடையாது. தொலைக்காட்சி கேமரா பந்தையே துரத்துவதால், ஸ்ட்ரைக்கரின் உண்மையான உழைப்பு நம் கண்ணில் படுவதே இல்லை.

வெளிநாடு போனதும் கலைவது இந்தக் கணிப்புதான். ஒரு டிஃபெண்டர் எத்தனை அடி தள்ளி நிற்பார், எத்தனை நொடியில் வந்து விழுவார் என்பதெல்லாம் சொந்த ஊர் ஆட்டத்தில் உடம்புக்குத் தெரியும். புது லீக்கில் அவர் ஒரு எட்டு நெருக்கமாக நிற்கிறார். கால் நொடி முன்னால் வருகிறார். பழைய கணக்கில் ஷாட்டாக இருந்தது புதிய கணக்கில் தடுக்கப்பட்ட பந்தாகிறது. மறுபடி படிந்து வர மாதங்கள் ஆகும். அதற்கு ஒரே வழி ஆட்ட நேரம். அதுதான் புதியவருக்குக் கிடைக்காத பண்டம்.

தரையும் மாறுகிறது. பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாகப் போகிற நெடுஞ்சாலையின் இருபுறமும் செம்மண். கோடையில் அது காய்ந்து கல்லாய் இறுகும். இறுகிய தரை பந்தின் ஆற்றலை அதிகம் விழுங்குவதில்லை. பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்ட பந்து அங்கே ஒரு மீட்டரைத் தாண்டி எழும்புவது சாதாரணம். உயர்தரச் செயற்கைப் புல்தரைக்கு ஃபிஃபா வைத்திருக்கும் அளவு 60 முதல் 85 சென்டிமீட்டர். மழையில் நனைந்த ஸ்காட்லாந்துப் புல்லிலோ பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். செம்மண்ணில் பழகிய முழங்கால் பந்து இடுப்புயரத்துக்கு வரும் என்று காத்திருக்கும்போது, அது கணுக்காலுக்குக் கீழே போய்விடும். இதில் ஒரு நன்மையும் உண்டு. மேடு பள்ளமான தரையில் கற்றவர்களுக்குப் பந்து எப்படித் திரும்பினாலும் முதல் தொடுதலில் அடக்குகிற திறன் வந்துவிடுகிறது. புல்லில் மட்டும் வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் வராது.

குளிரைப் பற்றிச் சொல்கிறவர்கள் பந்தைத்தான் முதலில் சொல்வார்கள். 5 பாகை செல்சியஸில் காற்று, 35 பாகையில் இருப்பதைவிடப் பத்து சதவீதம் அடர்த்தி அதிகம். பந்தை அது கூடுதலாக இழுக்கும். ஆனால் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் அடித்த பந்து 20 மீட்டர் போன பிறகு பார்த்தால் வேக வித்தியாசம் நொடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர்தான். கோலியைத் தாண்டுவதற்கு அது பெரிய தடையில்லை. உண்மையான தடை தசையில் இருக்கிறது. தசையின் வெப்பம் ஒரு பாகை குறைந்தால், வெடித்துக் கிளம்பும் ஆற்றலில் நான்கு முதல் ஆறு சதவீதம் குறையலாம் என்கின்றன ஆய்வுகள். இடைவேளையில் சும்மா உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களின் தசை வெப்பம் சுமார் 2 பாகை இறங்கியதையும், இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அவர்களின் ஓட்டம் மந்தப்பட்டதையும் 2004இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நடுவில் லேசாக ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. அது வெறும் கால் மணி நேர இடைவேளை. டிசம்பர் மாதத்து ஸ்காட்லாந்தில் ஒரு மணி நேரம் பெஞ்சில் இருந்துவிட்டு, இறங்கியதும் முதல் ஓட்டத்திலேயே டிஃபெண்டரை முந்த வேண்டும் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மாற்று ஆட்டக்காரர்கள் கோட்டோரத்தில் குதித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

இவ்வளவும் தாண்டி முழங்கால். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புவது ஸ்ட்ரைக்கரின் அன்றாட வேலை. அந்தத் திருப்பத்தில் தொடையெலும்பும் கீழெலும்பும் விலகாமல் பிடித்து வைப்பது, ஆட்டக்காரர்கள் ஏ.சி.எல். என்று சொல்லும் சிறு நாண். பெண் ஆட்டக்காரர்களுக்கு அது அறுகிற அபாயம் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பின் அமைப்பு, ஹார்மோன் சுழற்சி என்று காரணங்கள் பேசப்படுகின்றன. எனக்குக் கனமாகத் தெரிவது வேறு காரணங்கள்: ஆண் பாதத்தை அளவெடுத்துச் செய்த பூட்ஸ், சிறு வயதில் தசைப் பயிற்சி கிடைக்காமை, மோசமான தரை. இவை மூன்றும் மனிதர்கள் மாற்றக்கூடியவை. பாலா தேவியும் முழங்கால் காயத்தால் நெடுநாள் விலகி நிற்க வேண்டிவந்தது. பிறகு இந்தியா திரும்பி மறுபடி களமிறங்கினார்.

கிளாஸ்கோவுக்கு அவருக்கு முன்பே ஓர் இந்தியர் போயிருக்கிறார். 1936இல் கல்கத்தாவின் முகமது சலீம். ரேஞ்சர்ஸின் பரம எதிரியான செல்டிக் கிளப்புக்காக, பூட்ஸ் போடாமல் பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடி அந்த ஊரை வியக்கவைத்தார். ஊர் ஏக்கம் தாங்காமல் திரும்பிவிட்டார். எண்பதுகளின் இறுதியில் சிங்கப்பூர்த் தமிழரான வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப்பில் ஆடினார். பாலா தேவிக்குப் பிறகு மனிஷா கல்யாண் சைப்ரஸின் அப்பொல்லோனுக்குப் போய், 2022இல் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். வழி திறந்திருக்கிறது. ஆனால் நூறாண்டுக் கதையை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவில்தான் வைத்திருக்கிறோம் என்பது வருத்தம்.

கடலூர் மாவட்டத்துக்கு இதில் சொல்லிக்கொள்ளும்படியான இடம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பயிற்சியாளர் மாரியப்பன் கடலூரில் கால்பந்து கற்றுக்கொடுத்தார். அந்த மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போனார். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் பணியாற்றியிருக்கிறார். சந்தியா ரங்கநாதனும் இந்திய அணியின் முன்களத்தில் ஆடியிருக்கிறார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், இந்தியப் பெண்கள் கால்பந்தை ஆண்டுக்கணக்கில் ஆண்ட மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. கடலூர்ப் பிள்ளைகள் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. கிளாஸ்கோ போன்ற ஊர்களுக்கு அடுத்துப் போகிறவர் இந்தச் செம்மண்ணிலிருந்து போவது நடக்காத காரியமல்ல.

அதற்கு ஊரில் இருப்பவர்கள் செய்யவேண்டியது இரண்டே. காடாம்புலியூர், பண்ருட்டி, நெய்வேலிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களே, பெண் பிள்ளைகளை அணிக்குத் தேர்ந்தெடுக்கும்போது யார் எத்தனை கோல் அடித்தார் என்று மட்டும் பார்க்காதீர்கள். பந்து வருவதற்கு முன் யார் தலையைத் திருப்பிப் பார்க்கிறார், யார் ஓரத்துக்குத் தள்ளப்படாமல் நடுவே வந்து நிற்கிறார் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஆட்டத்துக்கு எத்தனை ஷாட், எந்த இடத்திலிருந்து என்றும் எழுதிவையுங்கள். பெற்றோர்களே, மாலையில் மைதானத்தின் ஒரு பாதியைப் பெண் பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்கிக்கொடுங்கள். ஐந்து ஆட்டம் கோல் அடிக்கவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள்.